ஃபோர் வீல் வண்டியை கேம்பிங் பயணத்துக்குத் தயார் செய்வது: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சினின் இழுவை செல்லும் (‘ஃபோர் வீல்’) பழைய ஸ்கார்பியோ ஒன்றைப் பெங்களூரில் வாங்கி, அதை முகாம் பயணங்களுக்கு ஏற்றபடி அமைத்து, காவேரிப்பட்டினத்துக்கு அருகே ஒரு மாந்தோப்பில் முதல் இரவைக் கழிப்பதற்குள் எனக்குப் பதினொரு மாதங்கள் ஓடிவிட்டன. அவற்றில் ஐந்து மாதங்கள் ஆவண வேலையில் போயின. ஏறத்தாழ மூன்று மாதங்கள், ஆசைப்பட்டு மாட்டியவற்றை நானே கழற்றிப் போடுவதில் கழிந்தன. கழற்றியவற்றின் மதிப்பு மட்டும் 70,000 ரூபாயைத் தாண்டும். வரிசை தெரியாமல் வேலையைத் தொடங்கியதுதான் இத்தனைக்கும் காரணம் என்பதால், எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களிடம் தார், கூர்க்கா, ஜிம்னி, ஜிப்சி என எந்த வண்டி இருந்தாலும் இந்த வரிசை பொருந்தும்.

1. பணம் கொடுப்பதற்கு முன் ஆவணங்களைப் பாருங்கள்

நம் பகுதியில் பழைய ஃபோர் வீல் வண்டி தேடுபவர்களில் பலர் கடைசியில் பெங்களூரில்தான் போய் நிற்கிறார்கள். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், நிறைய வண்டிகள், இங்கு கேட்பதைவிடக் குறைவான விலை என்று எல்லாம் சாதகமாகத் தெரியும். ஆனால் அந்த விலையோடு தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். வண்டியின் வயதையும் விலையையும் பொறுத்து அந்த வரி மாறும். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், ஆர்.சி.யின் நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் சென்று, எவ்வளவு வரி வரும் என்று கேட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் முன்பு கட்டிய வரியில் எஞ்சிய பங்கைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும், அந்தத் தொகையை நம்பி வரவு செலவு போட வேண்டாம்.

வெளிமாநில வண்டிக்குத் தேவையான படிவங்கள் இவை. விற்பவரின் ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28, உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30, தமிழ்நாட்டுப் பதிவெண் பெறுவதற்குப் படிவம் 27. வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 வங்கியின் கையொப்பத்தோடு வேண்டும். படிவம் 28இல் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு ஒட்டப்பட வேண்டும். துருப்பிடித்த சேஸிஸில் அந்த அச்சு தெளிவாக விழாது என்பதால், வண்டியைப் பார்க்கப் போகும்போதே ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். எண் சரியாகத் தெரியாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்க மாட்டேன்.

வெளிமாநிலப் பதிவெண்ணோடு பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு வண்டியை இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற்றே ஆக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. ஓசூர்ப் பக்கம் கே.ஏ. எண்ணோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்த்து நாமும் அப்படியே இருந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். உங்கள் முகவரியைப் பொறுத்துப் புதிய எண் கிருஷ்ணகிரி என்றால் டி.என்.24, தருமபுரி என்றால் டி.என்.29, ஓசூர் என்றால் டி.என்.70 என்று வரும். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். அந்தச் சோதனை முடியும் வரை வண்டியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாதீர்கள். ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

காப்பீடு தனியாக ஒரு வேலை. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு எதுவும் கேட்காததற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த ‘நோ கிளெய்ம்’ தள்ளுபடி உங்களுக்கு வராது என்பதால், மாற்றும்போது அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். வண்டிக்குப் பதினைந்து வயது நெருங்கியிருந்தால், பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கு 5,000 ரூபாயாக உயர்ந்திருப்பதையும், அதற்கான சோதனையில் தேறும் அளவுக்கு வண்டியைச் சரி செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் வில்லையைக் கிழித்துவிட்டுப் புதிதாக வாங்குவதும் இதே வாரத்தில் முடிய வேண்டிய வேலை. நான் மறந்துவிட்டேன்; கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையை அடைத்துக்கொண்டு நின்றேன்.

2. பட்டறைக்குப் போவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் வாங்கிய வண்டியில் முன்பக்கம் கனமான இரும்புக் கிராஷ் கார்டு இருந்தது, டயர் ஆர்.சி.க்குரிய அளவைவிடப் பெரிதாக இருந்தது, பின்வரிசையில் பக்கவாட்டு இருக்கைகள் கழற்றப்பட்டிருந்தன. இவையெல்லாம் முகாம் பயணத்துக்காக ஏற்கெனவே செய்துவைக்கப்பட்ட வசதிகள் என்று மகிழ்ந்து, விற்றவருக்குக் கூடுதலாகவே பணம் கொடுத்தேன். பதிவெண் மாற்றத்துக்கான சோதனையில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூன்றையும் சரி செய்துவிட்டு வரும்படி சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் இருந்தால் மூன்று மடங்கு. கிராஷ் கார்டு பற்றி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அது சட்டத்துக்கு முரண் என்பது ஒருபுறம் இருக்க, மோதலின் வேகத்தைச் சட்டகத்துக்கு நேராகக் கடத்துவதாலும், காற்றுப்பைகள் சரியாக விரிவதற்குத் தடையாக இருப்பதாலும், உள்ளே இருப்பவர்களுக்கே அது கேடு.

நடைமுறையில் இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. கழற்றி வைக்கக் கூடியதை மட்டும் சேருங்கள். துளையிட்டு, வெட்டி, பற்றவைத்துச் செய்ய வேண்டிய எதையும் தவிர்த்துவிடுங்கள். ஆர்.சி.யில் ஏழு இருக்கை என்று இருந்தால் ஏழும் இருக்க வேண்டும். பக்கவாட்டு இருக்கைகள் மேல்நோக்கி மடங்குபவை என்பதால், அவற்றைக் கழற்றாமலேயே நடுவில் படுக்கை போட்டுக்கொள்ளலாம். கூரையில் வரிசையாகப் பொருத்தும் தேடுவிளக்குகளுக்கும் ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் இல்லாமல் இடமில்லை. முகாமில் வெளிச்சம் வேண்டும் என்றால், காந்த அடி கொண்ட ஒரு கையடக்க விளக்கு போதும்.

சட்டத்துக்கு உட்பட்டுச் சேர்க்கும் மின்சாதனங்களையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பொதுவாக அவற்றின் மதிப்பில் 4 விழுக்காட்டைக் கூடுதல் பிரீமியமாகக் கேட்பார்கள். 40,000 ரூபாய்ப் பொருளுக்கு ஆண்டுக்கு 1,600 ரூபாய். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், ரசீது இல்லாமல் வாங்கிய பொருளுக்கு எந்த இழப்பீடும் பேச முடியாது.

3. எடை மேடையில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் யாரும் எடையை நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. வண்டியின் கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. என் முதல் திட்டத்தைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோது, நான்கு பேர் 280 கிலோ, கூரைத் தாங்கியும் கூரைக் கூடாரமும் 90, கிராஷ் கார்டு 45, தண்ணீர் 40, குளிர்பெட்டியும் பேட்டரியும் 35, படுக்கைப் பலகை 35, மீட்புச் சாமான்களும் கருவிகளும் 30, சமையல் சாமான் 30 என 585 கிலோ வந்தது. ஒரு சிறிய ஃபோர் வீல் வண்டி இதைத் தாங்காது. பெரிய வண்டியும் திணறும்.

மாங்கூழ் ஆலைகளாலும் கிரானைட் வேலைகளாலும் கிருஷ்ணகிரியைச் சுற்றி எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை. ஐம்பதோ நூறோ கொடுத்து, பயணத்துக்கு ஏற்றியபடியே வண்டியை நிறுத்தி எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறையும், பின் சக்கரங்கள் மட்டும் இருக்கும்படி ஒரு முறையும் எடை பாருங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பை மீறுவது மிகவும் சாதாரணம். பின்புறம் தாழ்ந்த வண்டி தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

கூரைக் கூடாரம் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதன் எடை பெரும்பாலும் 50 முதல் 70 கிலோ. ஓடும்போது கூரை தாங்கும் எடை பல வண்டிகளில் அதே அளவுதான், சிலவற்றில் அதற்கும் குறைவு. நிறுத்திவைத்த வண்டியின் கூரை அதைவிடப் பல மடங்கு தாங்கும் என்று கடைக்காரர் சொல்வது உண்மையே. ஆனால் அது வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் உதவாது. மாந்தோப்புக்குள் நுழையும்போது தாழ்ந்த கிளைகளில் அந்தக் கூடாரம் சிக்கும். நான் இரண்டே பயணங்களில் விற்றுவிட்டேன். வண்டிக்குள் இருவர், பக்கத்தில் தரைக் கூடாரத்தில் இருவர் என்பதே நம் நிலத்துக்கு ஏற்ற ஏற்பாடு.

4. டயர், காற்று, மீட்புச் சாமான்கள்

தயாரிப்பாளர் உங்கள் மாடலுக்கு ஒப்புதல் அளித்த அளவிலேயே, சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ‘ஆல் டெரைன்’ டயரை வாங்குங்கள். வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள சுமைக் குறியீடு பழைய டயரைவிடக் குறையாமலும், தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண் சமீபத்தியதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சாதாரணமாக 32 பி.எஸ்.ஐ. வைப்பவர்கள் மணலில் 18 முதல் 20 வரை இறக்கலாம். ஆனால் நம் குவாரிப் பாதைகளில் இந்த அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் டயர் போய்விடும். கிரானைட் சில்லுகள் கத்தி போன்றவை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் பிதுங்கி அவற்றில் உரசிக் கிழியும். பக்கச் சுவர்க் கிழிசலுக்கு ஒட்டு கிடையாது. அத்தகைய பாதையில் 26க்குக் கீழே நான் இறங்குவதில்லை. தார்ச்சாலையில் ஏறியதும் காற்றை நிரப்ப வேண்டும் என்பதால், பேட்டரியில் நேரடியாக மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர் அவசியம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறியவை நான்காவது டயருக்குள் சூடாகி நின்றுவிடும்.

வேலிக்காத்தான் முள்ளுக்கு எந்த டயரும் விலக்கல்ல. டியூப்லெஸ் பங்சர் கிட் ஒன்றை வாங்கி, வீட்டருகே உள்ள பங்சர் கடையில் ஒரு பழைய டயரில் இரண்டு முறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். முள்ளைப் பிடுங்க நுனி மெலிந்த குறடும் வேண்டும்.

வண்டி சிக்கிக்கொண்டால் இழுப்பதற்கு, முறிவுத் திறன் வண்டியின் மொத்த எடையைப்போல் மூன்று மடங்குள்ள நெகிழும் கயிறு, எடைத்திறன் பொறித்த இரண்டு ஷேக்கிள் (கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் வளையம்), ஒரு மண்வெட்டி, சிக்கிய சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஒரு ஜோடி இழுவைப் பலகை ஆகியவை போதும். ஊர்ப்பக்கம் உதவிக்கு வருபவர்கள் போர்வெல் லாரியின் பழைய கம்பி வடத்தையோ டிராக்டர் சங்கிலியையோ கொண்டுவருவார்கள். அவர்களுடைய டிராக்டரை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, கயிற்றுக்கு உங்களுடையதைக் கொடுங்கள். அறுந்த கம்பி வடம் ஆளைக் கொல்லும். கயிற்றை வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலோ அச்சிலோ மாட்டக் கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, எல்லோரையும் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் வற்றிய ஏரியின் நடுப்பகுதி, மேலே வெடித்துக் காய்ந்து விளையாட்டு மைதானம்போலத் தோன்றும். ஒரு சாண் ஆழத்தில் களிச்சேறு அப்படியே இருக்கும். கால்நடைகளின் குளம்புத் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும் இடத்துக்குள் வண்டியை விடாதீர்கள்.

5. படுக்கை

பயணம் சுகமாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் இந்தப் பகுதியைப் பொறுத்ததே. ஆகவே பணத்தையும் பொறுமையையும் இங்கே செலவிடுங்கள்.

என் முதல் படுக்கையை வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டுச் செய்தேன். எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று, 18 மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 35 கிலோ வரும்; 12 மில்லிமீட்டரில் 23 கிலோதான். இரும்புச் சட்டத்தோடு சேர்ந்து என் படுக்கை 60 கிலோவைத் தாண்டியது, மண்பாதையில் ஓயாமல் கடகடத்தது. சட்டத்தைப் பொருத்துவதற்காகத் தரையில் போட்ட ஒரு துளை, கீழே சென்ற பிரேக் குழாய்க்கு இரண்டு விரல் தள்ளி விழுந்திருந்ததைப் பிறகு மெக்கானிக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது.

இரண்டாவது முறை ஒரு தச்சரிடம் போனேன். தண்ணீர் தாங்கும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை மூன்று துண்டுகளாக வெட்டி, அடியில் ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் கொடுத்து, மடக்கக்கூடிய கால்களோடு செய்தார். துண்டுகள் உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டியதும் சத்தம் நின்றது. தரையில் எதையும் துளைக்கவில்லை. வண்டியிலேயே இருக்கும் சாமான் கட்டும் வளையங்களில், லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டப் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட்டால் இறுக்கிவிட்டேன். கட்டப்படாத ஒரு தண்ணீர் கேன்கூட அவசர பிரேக்கில் முன்னிருக்கையை நோக்கிப் பறக்கும் என்பதால், பலகைக்கு அடியில் வைக்கும் பெட்டிகளையும் அதே போலக் கட்டுங்கள்.

தச்சரிடம் போவதற்கு முன், இரண்டாம் வரிசையை மடக்கி, அட்டைப் பெட்டிகளை விரித்துப் படுத்துப் பார்த்து அளவெடுங்கள். பலகையின் மேல் மெத்தையும் போட்ட பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்காத உயரம் வேண்டும். நீளம் போதாவிட்டால், முன்னிருக்கையை முன்னே தள்ளி, பலகையின் தலைப்பக்கத் துண்டை அந்த இடைவெளிக்கு மேல் நீட்டலாம். வண்டி சரிவில் நின்றால் தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தை சுகமானதுதான். ஆனால் ஈரம் பிடித்தால் வெயிலில் காயப் போட நாள் வேண்டும், மடக்கவும் முடியாது. மூன்றாக மடியும் மூன்றங்குல கெட்டி நுரை மெத்தையே வண்டிக்கு ஏற்றது.

காற்றோட்டம் இல்லாமல் உறங்க முடியாது. இரு பக்கக் கண்ணாடிகளையும் இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, சன்னலின் வெளிவிளிம்புக்கு ஏற்றபடி தையல்காரரிடம் கொசுவலையில் உறை தைத்து மாட்டுங்கள். மார்கழிக் குளிரில் கண்ணாடியை முழுக்க மூடிவிட்டால், காலையில் உள்பக்கம் முழுவதும் நீர் வழிந்து போர்வை நனைந்துவிடும். இஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு மட்டும் ஒருபோதும் தூங்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

6. மின்சாரம்

ஓரிரவுப் பயணம் மட்டுமே போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை. ஒரு பவர் பேங்க், சார்ஜ் ஏற்றும் விளக்கு, சிறிய மின்விசிறி, மீன்கடைக்காரர்கள் வைத்திருக்கும் கெட்டித் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பார் ஆகியவற்றோடு வசதியாகப் போய் வரலாம். குளிர்பெட்டி வாங்குவதாக முடிவு செய்தால்தான் இரண்டாவது பேட்டரி வேண்டும்.

40 லிட்டர் கம்ப்ரஸர் குளிர்பெட்டி நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 40 ஆம்பியர்மணி இழுக்கும். விசிறி, விளக்கு, கைப்பேசி எல்லாம் சேர்த்து 55 என்று வையுங்கள். 100 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80ஐப் பயன்படுத்தலாம் என்று கொண்டால், வண்டியை நகர்த்தாமல் ஒன்றரை நாள் தாங்கும். அதே அளவு ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்பதால் ஒரு நாள்கூட நிறையாது. 25 ஆம்பியர் டிசி டிசி சார்ஜர் (ஓடும் வண்டியிலிருந்து இரண்டாவது பேட்டரிக்கு அளவோடு மின்சாரம் ஏற்றும் கருவி) இருந்தால், இரண்டு மணி நேரம் ஓட்டினாலே 50 ஆம்பியர்மணி திரும்ப ஏறிவிடும். சார்ஜர் செலவை மிச்சப்படுத்த லித்தியம் பேட்டரியை, இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்துத் தருகிறேன் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த பேட்டரி கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுத்துக் கொடுத்தே ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும்.

கம்பியின் தடிமனில் கஞ்சம் வேண்டாம். இஞ்சினிலிருந்து பின்பக்கத்துக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர்ச் செப்புக் கம்பியில் 30 ஆம்பியர் ஓடினால், 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.86 வோல்ட் வீணாகும். 16 சதுர மில்லிமீட்டரில் 0.32 வோல்ட்தான். இரு பேட்டரிகளின் நேர்முனையிலிருந்தும் ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை வெப்பம் மிகுந்த பானட்டுக்குள் வைக்காமல், இருக்கைக்குப் பின்னால் கட்டிவையுங்கள்.

7. தண்ணீரும் அடுப்பும்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், கை கால் கழுவத் தனியாக 5 லிட்டர் என்று எடுத்துச் செல்லுங்கள். போகும் வழியில் போர்வெல் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நம் மாவட்டங்களில் தவறு. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஊருக்குள் கூட்டுக் குடிநீர் வரும் குழாயைக் கேட்டுப் பிடியுங்கள், அல்லது வீட்டிலிருந்தே 20 லிட்டர் கேன்கள் இரண்டைக் கொண்டுபோங்கள்.

அடுப்புக்கு, இருவர் என்றால் பியூட்டேன் குப்பி அடுப்பு போதும்; நால்வருக்கு 5 கிலோ சிறு சிலிண்டர். முகவரிச் சான்று இல்லாமல் அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கக்கூடிய சிறு சிலிண்டர்களை எண்ணெய் நிறுவனங்களே விற்கின்றன. பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்குக் கள்ளத்தனமாக நிரப்பித் தரும் கடைகளை நாடாதீர்கள். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். மழை பெய்தாலும் வண்டிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. வண்டியின் பக்கவாட்டில் தார்ப்பாய் ஒன்றைச் சாய்த்துக் கட்டி அதன் கீழ் சமையுங்கள். முதல் இரவுக்குச் சமைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. புளிச்சோறும் கேழ்வரகுக் களியும் வீட்டிலிருந்தே வரட்டும். இருட்டில் பாத்திரம் தேடும் எரிச்சல் மிச்சமாகும்.

8. எங்கே தங்கலாம், எங்கே கூடாது

காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இவற்றுக்குள்ளோ காப்புக் காடுகளுக்குள்ளோ வந்துவிடும். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும், குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வண்டியையே பறிமுதல் செய்வார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் ‘எல்லாரும் போறாங்க, வாங்க’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள். காட்டுக்குள் செல்லத்தான் வேண்டும் என்றால், மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பதிலும் எழுத்தில் வந்த பிறகே கிளம்புங்கள். வாய்மொழி அனுமதி சோதனைச் சாவடியில் செல்லாது.

காட்டோரப் பட்டா நிலத்திலும் பருவம் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கேழ்வரகு முற்றும் நாட்களில், பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. இரவில் வயலுக்கு இறங்குகின்றன. அந்த மாதங்களில் அப்பகுதியில் தங்காதீர்கள். இருட்டிய பிறகு அஞ்செட்டிச் சாலையில் வண்டி ஓட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒகேனக்கல் அருகே ஆற்றோரத்தில் கூடாரம் போடும் ஆசையும் வேண்டாம். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறக்கும் நீர் பிலிகுண்டுலு வழியாக வந்து சேரும்போது இங்கே வானம் வெளுத்துத்தான் இருக்கும். மழை பெய்யவில்லை என்பதை வைத்து ஆற்றைக் கணிக்க முடியாது. கே.ஆர்.பி. அணைக்குக் கீழே தென்பெண்ணையிலும் இதே கதைதான், கூடவே மணல் அள்ளிய பள்ளங்களும் இருக்கும்.

எனக்குக் கைகொடுத்தவை மாந்தோப்புகள். உரிமையாளரிடம் நேரில் கேட்டு, அவர் எண்ணை வாங்கிக்கொண்டு, தங்கும் நாளையும் வண்டி எண்ணையும் அவருக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். இரவில் ஊர்க்காரர் யாராவது டார்ச் அடித்து விசாரித்தால் அந்தச் செய்தியே போதும். பூக்கும் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மருந்து அடிப்பார்கள் என்பதால், கடைசியாக அடித்தது எப்போது என்று கேளுங்கள். மே, ஜூனில் அறுவடைக் காவல் இருக்கும், அந்நியரை விட மாட்டார்கள். அறுவடை முடிந்த ஆடி, ஆவணி மாதங்களில் பெரும்பாலும் மறுப்பதில்லை. செருப்பை வெளியே விட்டால் காலையில் உதறிப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போட்டுக் கீறிக்கொண்டிருக்காமல் 108ஐ அழைத்து, கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

9. செலவும் காலமும்

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தபோது நான் கொடுத்த விலைகள் இவை. நான்கு டயர் 36,000 ரூபாய், கம்ப்ரஸர் 4,000, கயிறும் ஷேக்கிளும் பலகைகளும் 9,000, தச்சு வேலை மரத்தோடு 14,000, மெத்தை 5,000, பேட்டரி 28,000, சார்ஜர் 16,000, கம்பியும் ஃபியூஸும் கூலியும் 7,000, சமையல் சாமான் 6,000, தார்ப்பாயும் கொசுவலையும் 7,000. மொத்தம் 1,32,000 ரூபாய். இதில் மின்சாரப் பகுதியை விட்டுவிட்டால் 81,000இல் முடியும். குளிர்பெட்டியின் விலை இதில் இல்லை. நண்பரிடம் இரவல் வாங்குகிறேன், நீங்களும் முதல் ஆண்டு அப்படியே செய்யலாம்.

தடையின்மைச் சான்றுக்கு மூன்று வாரம், இங்கே வரியும் சோதனையும் பதிவும் முடிய ஒன்றரை மாதம் என்று வையுங்கள். அதற்குப் பிறகு டயர், பின்பு தச்சு வேலை, பின்பு எடை மேடை. இரண்டு பயணங்கள் போய் வந்து உண்மையிலேயே தேவை என்று தெரிந்த பிறகு மின்சார வேலை. ஆவண வேலையைச் சித்திரையில் தொடங்கினால் ஆடியில் மாந்தோப்புக்குப் போய்விடலாம்.

10. முதல் இரவை வீட்டு வாசலிலேயே கழியுங்கள்

படுக்கை தயாரானதும், வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, வீட்டுக்குள் போவதில்லை என்ற உறுதியோடு ஒரு முழு இரவு தங்கிப் பாருங்கள். எந்தக் கால் ஆடுகிறது, எங்கே கொசு நுழைகிறது, விளக்கின் சுவிட்ச் படுத்தபடியே கைக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். என் வண்டியில் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது என்பதையும், பக்கக் கதவை மெத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்பதையும் அப்படித்தான் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தேன். முன்னிருக்கைக்கு மேல் தவழ்ந்துதான் வெளியே வர முடிந்தது. மறுநாள் தச்சர் மெத்தையின் பக்கம் ஆறங்குலத்தை வெட்டித் தந்தார். முதல் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, டயர் மாற்றிய சக்கரங்களின் நட்டுகளையும், படுக்கையின் திருகாணிகளையும், பேட்டரி முனைகளையும் ஒரு முறை மீண்டும் இறுக்குங்கள்.